எல்லாத் தூரமும் வேறுவேறு என்று வைத்துக்கொள்வோம்

"மேடம், ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேக்காதீங்கன்னு சொன்னா விட்டுட்டுப் போயிருவீங்களா அண்ணாச்சி?"

சுடலைமுத்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சாத்தின கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பி ஒரு தரம் பார்த்தார்.

பேராசிரியர் எஸ்தர் கனகமணி இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் கணினித் துறைக்குத் தலைவர். அன்றைக்கு அவருக்குத்தான் விழா. புதுப் பட்டுச்சேலையில் மிளகாய்ப்பொடி சிந்திவிடக் கூடாதென்று மடியில் ஒரு துண்டை விரித்திருந்தார்.

"கதவை எதுக்குச் சாத்துதீங்க? சந்தேகத்துக்குக் காத்துப் பட்டா சளி பிடிச்சிருமா?"

சுடலைமுத்து சிரிக்கவில்லை.

அவர் பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகள் காலேஜுக்குப் போகிற வயதில் தானும் முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று கிளம்பி, எஸ்தரிடம் வந்து மாணவராகச் சேர்ந்தார். வாத்தியாரைவிட மாணவர் ஐந்து வயது மூப்பு. அதனால் இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். யாரைப் பார்த்து யார் எழுந்து நிற்பது என்பதில் முதல் மாதம் முழுக்க இரண்டு பேருக்கும் குழப்பம்.

மேசை ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில். அது நிறையக் கடலைமிட்டாய்.

எஸ்தரின் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கரும்பலகையில் அவர் எழுதுவதில் தப்பைக் கண்டுபிடித்துக் கை தூக்கினால் ஒரு கடலைமிட்டாய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து இது நடக்கிறது. ஷர்மிளா என்கிற மாணவிக்கு மிட்டாய் தின்றே பல் சொத்தையாகிவிட்டது என்று துறையில் பேச்சு.

சுடலைமுத்துவுக்கு இதுவரை ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

தப்பு கண்ணில் படாமல் இல்லை. எல்லாருக்கும் முந்தி அவருக்குத்தான் படும். ஆனால் கை தூக்க மாட்டார். வகுப்பு முடிந்து, பிள்ளைகள் கலைந்து, வராந்தாவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "மேடம், மூணாவது வரியில ஒரு சின்ன இது..." என்று காதோரமாகச் சொல்வார். பத்துப் பேர் நடுவில் வைத்து வாத்தியாரைத் தப்பு என்று சொல்வது என்ன மரியாதை?

எஸ்தர் நன்றி சொல்வார். பாட்டிலைத் தொட மாட்டார்.

"சட்டம்னா சட்டந்தான் அண்ணாச்சி. கை தூக்கினாத்தான் மிட்டாய்."

இன்றைக்கும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"சொல்லுங்க. எந்த வரி?"

சுடலைமுத்து மறுபடியும் கதவைப் பார்த்தார்.

"பலகையில இல்ல மேடம்."

"பின்ன?"

"உங்க முறையில."

எஸ்தரின் கை இட்லியிலேயே நின்றது.

அந்த முறைக்குக் கனகமணி முறை என்றே பெயர். எஸ்தர் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எழுதியது. பல வண்டிகள் ஆங்காங்கே நிற்கும்போது ஓர் அழைப்பு வந்தால் எந்த வண்டி போவது? மேலே உட்கார்ந்து ஏவுகிறதற்கு ஆள் தேவையில்லை, வண்டிகளே பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார் எஸ்தர். ஒவ்வொரு வண்டியும் மற்ற வண்டிகளின் தூரத்தைக் கேட்கும். எல்லாரையும்விட நான்தான் பக்கம் என்றால் கிளம்பும். இல்லையென்றால் வழிவிட்டு ஒதுங்கும். கூப்பிட்டவருக்கு வண்டி வராமலே போகாது என்று ஒரு நிரூபணமும் எழுதினார்.

அதன்மேல்தான் அவருடைய பேர். அதன்மேல்தான் பாடப்புத்தகங்களில் இரண்டு பக்கம், வெளிநாட்டு அழைப்புகள், இந்தத் தலைவர் நாற்காலி.

இன்றைக்குக் காலை மாவட்டத்து ஆம்புலன்ஸ்கள் எல்லாம் அந்த முறைக்கு மாறப்போகின்றன. ஆட்சியர் வந்து பொத்தானை அழுத்துவார். அதற்குத்தான் விழா.

"காட்டுங்க," என்றார் எஸ்தர்.

சுடலைமுத்து மேசையிலிருந்த பொடி டப்பாவை நடுவில் வைத்தார்.

"இது நோயாளி."

அந்தப் பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளர். இந்தப் பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"இது ரெண்டும் ஆம்புலன்ஸ். ரெண்டுக்கும் ஒரே தூரம்."

"அச்சு அசலா ஒரே தூரம் எப்படி வரும்? ஒரு சாண் கூடக் குறைய இருக்காதா?"

"தாள்ல வராது மேடம். கம்ப்யூட்டர்ல வரும். ப்ரோக்ராம் எழுதினவங்க தூரத்தைக் கிலோமீட்டர்ல முழுசாக்கி எடுத்துக்கிடுதாங்க. பதினொண்ணே காலும் பதினொண்ணுதான், பதினொண்ணே அரைக்கால் கிலோமீட்டரும் பதினொண்ணுதான்."

எஸ்தர் துண்டில் கையைத் துடைத்தார்.

"ம். அழைப்பு வருது."

"வருது. இந்த வண்டி கேக்குது, உனக்கு எவ்வளவு தூரம்னு. பதினொண்ணு. எனக்கும் பதினொண்ணு. அப்ப எல்லாரையும்விட நான் பக்கம் இல்ல. ஒதுங்கிக்கிடுதேன்."

ஒரு டம்ளரைப் பின்னால் நகர்த்தினார்.

"அந்த வண்டியும் அதே நேரம் அதையேதான் கேக்குது. அதுவும் ஒதுங்குது."

இன்னொரு டம்ளரையும் நகர்த்தினார்.

"அழைப்பு அப்படியே நிக்குது. மறுபடி ரெண்டும் முன்னால வருது. மறுபடி கேக்குது."

"மறுபடி?"

"மறுபடி ஒதுங்குது."

"மறுபடி?"

"மறுபடி ஒதுங்குது மேடம்."

இரண்டு டம்ளரும் வந்தன, போயின. பொடி டப்பா நடுவிலேயே உட்கார்ந்திருந்தது.

"சோதனை ஓட்டத்துல வரலையே?"

"சோதனை டவுன்லல்லா பண்ணினாங்க. டவுன்ல எப்பவும் மூணாவது வண்டி ஒண்ணு பக்கத்துல கிடக்கும். அது போயிரும். எங்க ஊரு ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நட்டநடுவுல இருக்கு. சும்மா எங்க வீட்டைச் சோதனையில போட்டுப் பாத்தேன். 'வண்டி தேடப்படுகிறது'ன்னு வந்துது. பாத்துக்கிட்டே இருந்தேன். காப்பி ஆறிப்போச்சு. தேடிக்கிட்டே இருக்கு."

எஸ்தர் எழுந்து அலமாரியைத் திறக்கவில்லை, பழைய கட்டுரையை எடுத்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு வரியாகத் தன் நிரூபணத்தைச் சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார்.

"எளிமைக்காக, எல்லாத் தூரமும் வேறுவேறு என்று வைத்துக்கொள்வோம்."

"ஆமா மேடம். அந்த வரிதான்."

"எளிமைக்காக," என்றார் எஸ்தர் இன்னொரு தரம். "யாருக்கு எளிமை?"

வெளியே மைக் சோதிக்கிற சத்தம் கேட்டது. ஒன், டூ, த்ரீ.

"இது எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையிலேருந்து."

"இன்னைக்கு வெள்ளி."

"நீங்க விழா வேலையில இருந்தீங்க. மனசு வரல. அதோட..."

"அதோட உங்க ஆராய்ச்சியும் இதும்மேலதான் நிக்குது."

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்தர் டம்ளர்களைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இப்ப இந்த ரெண்டுல எது முதல்ல நகரணும்?"

"எப்படி மேடம் சொல்ல முடியும்? ரெண்டும் ஒரே தூரம். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இல்லியே."

"வித்தியாசமே இல்லியா?"

"இல்ல மேடம்."

எஸ்தர் டிபன் பாக்ஸை மூடினார். துண்டை உதறி மடித்தார்.

"சரி, ஹாலுக்குப் போங்க. நாற்காலி போடுதாங்க. கூடமாட நில்லுங்க."

சுடலைமுத்து நகரவில்லை.

"மேடம், நீங்க சொல்லிருவீங்கள்லா?"

"கண்டுபிடிச்சது நீங்க."

"முறை உங்களது மேடம். பேரு உங்களது. நீங்க சொன்னாத்தான் அழகு."

"கண்ணுல பட்டது உங்களுக்கு. நீங்க சொன்னாத்தான் முறை."

"ஐயோ, நான் எப்படி மேடம்... நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"நீங்க இருக்கும்போது நான் எப்படி?"

எஸ்தர் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார், என்னமோ நினைத்துக்கொண்டு மிட்டாய்ப் பாட்டிலையும் தூக்கி அதற்குள் போட்டார், கதவைத் திறந்து போய்விட்டார்.

மேசையில் இரண்டு டம்ளரும் எதிரெதிராக நின்றன.

*

ஹாலில் சுடலைமுத்து நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். நேராக இருந்த நாற்காலிகளையும் நேராக்கினார்.

ஃபோன் அடித்தது. மனைவி பேச்சியம்மாள்.

"சொல்லிட்டீங்களா?"

"மேடம்ட்ட சொல்லிட்டேன்."

"எங்க வச்சு? காதுலயா?"

சுடலைமுத்து இன்னொரு நாற்காலியை நேராக்கினார்.

"நெனச்சேன். அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாற்காலி போடச் சொன்னாங்க."

"நல்லா இருக்கு! நீங்களும் போடுதீங்களாக்கும்?"

"அவங்க சொல்லிருவாங்க பேச்சி. பெரிய மனுஷி."

"சொல்லலைன்னா? எனக்கு உங்க கணக்கெல்லாம் தெரியாது. பட்டனை அழுத்தின பெறகு நம்ம அத்தைக்கு மூச்சு இழுத்துச்சுன்னா வண்டி வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க."

சுடலைமுத்துவின் அம்மாவுக்கு இழுப்பு நோய். போன மழைக்காலத்தில் இரண்டு தடவை ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

"வருமா, வராதா?"

"வராது."

"வையுங்க ஃபோனை."

*

ஆட்சியர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். மேடையில் குத்துவிளக்கு, மாலை, ஒரு மேசை. மேசைமேல் சிவப்புப் பொத்தான். அதைச் சுற்றிலும் ரோஜாப்பூ அலங்காரம்.

பதிவாளர் வேலாயுதம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஹால் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முந்திப் பொத்தான் அழுந்த வேண்டும். கம்ப்யூட்டரோ, கல்யாணமோ, வேலாயுதத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

வரவேற்பு முடிந்தது. பொன்னாடை முடிந்தது. "நம் மண்ணின் மகள் கண்ட பிழையில்லாத முறை" என்று ஒருவர் பேசினார்.

ஆட்சியர் பொத்தான் பக்கம் போனார். ஃபோட்டோக்காரர்கள் நெருங்கினார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றார் எஸ்தர்.

மேடை ஓரத்தில் பழைய கரும்பலகை ஒன்று கிடந்தது. அதை இழுத்து நடுவில் விட்டார்.

"எதை நம்பி அழுத்துறோம்னு தெரிஞ்சிட்டு அழுத்துங்க. சின்ன நிரூபணம்தான்."

வேலாயுதத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்த மாதிரி இருந்தது அவருக்கு.

சுடலைமுத்துவுக்கு உயிர் வந்தது. அப்பாடா. சொல்லப் போகிறார்.

எஸ்தர் எழுதினார். முதல் வரி. இரண்டாவது வரி. சாக்பீஸ் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மூன்றாவது வரி.

எளிமைக்காக, எல்லாத் தூரமும் வேறுவேறு என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டார். திரும்பி நின்றார்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

வகுப்பில் எப்போதும் கேட்கிற அதே குரல்.

ஷர்மிளா பலகையை உற்று உற்றுப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் இருக்கிற வரி. அவளுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஒரு கையும் எழவில்லை.

சுடலைமுத்து கடைசி வரிசையில் சுவரோரம் நின்றார். சொல்லுங்க மேடம், சொல்லுங்க, என்று மனதுக்குள் கெஞ்சினார். எஸ்தர் சொல்லவில்லை. அடுத்த வரிக்கும் போகவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம்," வேலாயுதம் தொண்டையைச் செருமினார், "நேரம் போயிக்கிட்டிருக்கு."

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

"ஒருத்தருக்கும் இல்ல மேடம். எல்லாருக்கும் புரிஞ்சுட்டு. ஐயா, நீங்க அழுத்துங்க."

ஆட்சியர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் அசையவில்லை. ஆட்சியர் லேசாகச் சிரித்துக்கொண்டு பொத்தான்மேல் விரலை வைத்தார்.

சுடலைமுத்துவின் கால் தானாக ஓர் அடி முன்னால் வந்தது.

"மேடம், நீங்க..."

அதே நேரத்தில் எஸ்தரும், "அண்ணாச்சி, நீங்க..." என்றார்.

இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் பேசட்டும் என்று இவர் காத்திருந்தார். இவர் பேசட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"இல்ல மேடம், நீங்களே..."

"இல்ல அண்ணாச்சி, நீங்களே..."

மறுபடியும் ஒன்றாகவே ஆரம்பித்து, ஒன்றாகவே நின்றது.

ஹால் கொல்லென்று சிரித்தது. ஆட்சியரும் சிரித்தார். பின்வரிசையில் யாரோ, "பந்தியில கடைசி வடைக்கு இப்படித்தான்யா நடக்கும்," என்றான். இன்னும் சிரிப்பு.

சுடலைமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு டம்ளர் வந்தது, ஒதுங்கியது. இன்னொரு டம்ளர் வந்தது, ஒதுங்கியது. நடுவில் பொடி டப்பா. பொடி டப்பாவுக்கு இழுப்பு வந்து மூச்சு வாங்கியது.

அவர் கை மேலே போனது.

நாலு வருஷத்தில் அந்தக் கை அவ்வளவு உயரம் போனதே இல்லை. சட்டையின் அக்குளில் ஒரு தையல் விட்டுப்போகிற சத்தம் அவருக்கே கேட்டது.

"சொல்லுங்க," என்றார் எஸ்தர்.

"மேடம், உங்களுக்கு என்ன வயசு?"

சிரிப்பு பட்டென்று நின்றது. வேலாயுதம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆட்சியருக்கு முன்னால், மைக்குக்கு முன்னால், ஒரு துறைத் தலைவரிடம், அதுவும் ஒரு பெண்மணியிடம்! ஷர்மிளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எஸ்தர் முகம் மாறவில்லை.

"நாப்பத்திமூணு."

"எனக்கு நாப்பத்தெட்டு."

"அதனால?"

"ரெண்டு பேரும் ஒரே தூரத்துல நின்னாலும் நாம ரெண்டு பேரும் ஒண்ணு இல்ல மேடம். நான் மூத்தவன்." தூக்கின கையை இறக்கினார். "அப்ப நான்தான் முதல்ல வரணும்."

அவர் நடந்து வந்தார். நாற்காலிகளுக்கு நடுவில் வழி விட்டார்கள். மேடை ஏறினார். ஆட்சியரின் பக்கத்தில் வந்ததும், "ஐயா, விரலை எடுத்துருங்க," என்றார். "அந்த மூணாவது வரி தப்பு. இதை அழுத்தினா எங்க ஊருக்கு வண்டி வராது."

ஆட்சியர் விரலை எடுத்தார்.

ஹாலில் ஒரே சலசலப்பு. "தப்பா? கனகமணி முறையா?" வேலாயுதம் கடிகாரத்தைப் பார்ப்பதையே மறந்துவிட்டார்.

சுடலைமுத்து எஸ்தருக்கு எதிரில் நின்றார். முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்வை அவர் தோள்பையிலேயே இருந்தது. பைக்கு வெளியே பாட்டிலின் மூடி தெரிந்தது.

எஸ்தர் டஸ்டரை எடுத்தார். கோடு போட்டிருந்த வரியைத் தன் கையாலேயே அழித்தார். பட்டுச்சேலை முழுக்கச் சாக்பீஸ் தூள்.

பிறகு அந்தக் காலி இடத்தைக் காட்டிச் சாக்பீஸை நீட்டினார்.

"இப்ப சொன்னீங்கள்லா, யார் முதல்ல வரணும்னு? அதையே வண்டிகளுக்கும் இங்க எழுதுங்க அண்ணாச்சி. மிட்டாய் அப்புறம்."